பைண்டிங் கடைப் பையன் சுற்றிய கம்பி: டிரான்ஸ்ஃபார்மர் பிறந்த கதை

1831 ஆகஸ்ட் மாதக் கடைசி. லண்டன் ஆல்பெமார்ல் தெருவில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வுக்கூடத்தில், நாற்பதைத் தொடப்போகும் ஒருவர் மேசையில் ஓர் இரும்பு வளையத்தை வைத்திருக்கிறார். தேனிரும்பில் சொல்லிச் செய்து வாங்கிய வளையம். கனம் 7/8 அங்குலம், வெளிவிட்டம் 6 அங்குலம். அதன் ஒரு பாதியில் மூன்று துண்டுச் செம்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் சுமார் 24 அடி. எதிர்ப்பாதியில், இடையில் கொஞ்சம் இடம் விட்டு, இரண்டு துண்டுகளாகச் சுமார் 60 அடிக் கம்பி.

இன்று எந்த மோட்டார் வைண்டிங் கடையிலும் எனாமல் பூசிய செம்புக் கம்பி கிலோக் கணக்கில் கிடைக்கும். 1831இல் மேல்பூச்சுள்ள கம்பி கடையில் வாங்கும் சரக்கு அல்ல. வெறும் கம்பியைச் சுற்றினால் ஒரு சுற்று பக்கத்துச் சுற்றைத் தொடும். மின்சாரம் சுற்றிப் போகாமல் குறுக்கே பாய்ந்துவிடும். அதனால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே சணல் நூல் ஓட வேண்டும். ஓர் அடுக்கு முடிந்ததும் அதன்மேல் காலிகோ துணி போர்த்தி அடுத்த அடுக்கைத் தொடங்க வேண்டும். துணி சுருங்கினால் மேலடுக்கு சரியும். நூல் தளர்ந்தால் கம்பிகள் ஒட்டிக்கொள்ளும். இதற்கு இயற்பியல் மட்டும் தெரிந்தால் போதாது. நூலை எவ்வளவு இழுத்தால் அறும், எவ்வளவு விட்டால் தொளதொளக்கும் என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மைக்கேல் ஃபாரடேயின் விரல்களுக்கு அது நன்றாகத் தெரியும். 14 வயதிலிருந்து 21 வயது வரை அவை புத்தகம் தைத்த விரல்கள்.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று லண்டனின் தென்புறத்தில் நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கொல்லர். நான்கு பிள்ளைகளில் மைக்கேல் மூன்றாவது. கொல்லனுக்கு உடம்புதான் முதல். ஜேம்ஸுக்கு அந்த முதல் கரைந்துகொண்டே வந்தது. நோய் என்று முழு நாள் படுப்பது குறைவு, ஆனால் வலி தாங்காமல் அநேகமாக எல்லா நாளும் வேலையைப் பாதியில் விட வேண்டியிருக்கிறது என்று 1807இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். மூன்றே ஆண்டுகளில் இறந்தும் போனார். குடும்பம் குடியிருந்தது ஒரு வண்டிக் கொட்டகைக்கு மேலிருந்த அறைகளில்.

1801இல் இங்கிலாந்தில் தானிய விலை தாறுமாறாக ஏறியது. அந்த நாட்களில் ஒன்பது வயதுப் பையனுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி அளந்து கொடுக்கப்பட்டது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பென்ஸ் ஜோன்ஸ் பதிவு செய்திருக்கிறார். வாரத்துக்கு ஒன்றே ஒன்று. புதன்கிழமை பசிக்குத் தின்றுவிட்டால் சனிக்கிழமைக்கு இல்லை. ஒன்பது வயதில் தன் பசியைத் தானே பங்கு போட்டுக்கொள்ள ஒரு பிள்ளை கற்றுக்கொள்வதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான்: வாசிக்க, எழுத, கூட்டிக் கழிக்க. அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. மைக்கேலுக்கு 'ர' வராது. அண்ணன் ராபர்ட்டின் பெயரையே சரியாகச் சொல்ல நா எழும்பாது. அடித்துத் திருத்துவது என்று முடிவுசெய்த ஆசிரியை, பிரம்பு வாங்கிவரச் சொல்லி ராபர்ட்டிடமே அரைப் பென்னி கொடுத்தாராம். அண்ணன் காசை மதில்மேல் வீசி எறிந்துவிட்டு நேராக அம்மாவிடம் ஓடினான். அம்மா மார்கரெட் இரண்டு பிள்ளைகளையும் அந்தப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார். வாழ்க்கை வரலாறுகளில் இது ஒரு சின்னச் சம்பவமாக வந்து போகும். எனக்கு இது பெரிய சம்பவம். வயிற்றுக்குப் போதாத வீட்டில், பிள்ளையின் மானத்துக்குக் காவல் இருந்திருக்கிறது.

1804இல் பிளான்ட்ஃபோர்ட் தெருவில் புத்தகக் கடையும் பைண்டிங் பட்டறையும் வைத்திருந்த ஜார்ஜ் ரீபோவிடம் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான் மைக்கேல். அப்போது செய்தித்தாள் விலை அதிகம். கடைக்காரர்கள் ஒரே தாளைப் பல வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் போட்டு, அவர்கள் படித்ததும் திரும்ப வாங்கி, அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அந்த ஓட்டம்தான் பையனின் வேலை. ஒரு வருடம் அவனைக் கவனித்த ரீபோ, 1805 அக்டோபரில் ஏழு ஆண்டுத் தொழில் பழகும் பையனாக எழுதிக்கொண்டார். அந்தக் காலத்தில் பிள்ளையைத் தொழிலுக்கு விட வேண்டுமென்றால் பெற்றோர் முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டும். கொல்லர் ஜேம்ஸிடம் அந்தப் பணம் ஏது? பையன் உண்மையாக உழைத்ததை முன்னிட்டுப் பணம் வாங்கவில்லை என்று ஒப்பந்தத்திலேயே குறித்தார் ரீபோ.

நவீன மின்சார உலகம் அந்த ஒரு வரிக்குக் கடன்பட்டிருக்கிறது என்று சொல்வேன்.

பைண்டிங் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் அவசரம் உதவாது. அச்சிட்ட தாளைப் பாரம் பாரமாக மடிக்க வேண்டும். வரிசை மாறாமல் அடுக்கித் தட்டி, முதுகில் நூல் கோத்துத் தைக்க வேண்டும். வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சித் தடவி, பிரஸ்ஸில் இறுக்கி, காயும்வரை காத்திருக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் மைக்கேல் இதைச் செய்தான். கடைக்கு வந்த தாள்களைப் படிக்கவும் செய்தான். என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல்களும் அப்படித்தான் கண்ணில் பட்டன. படித்ததோடு விடவில்லை, எழுதியிருப்பது நிஜந்தானா என்று கையிருப்பில் இருந்த சில்லறைக்குச் சாமான் வாங்கிச் செய்து பார்த்தான்.

1812 ஜூலையில் நண்பன் பெஞ்சமின் ஆபட்டுக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பையன் துள்ளிக் குதிக்கிறான். அரைப் பென்னிக் காசின் அளவில் துத்தநாக வில்லைகள் ஏழு வெட்டினானாம். அவற்றோடு ஏழு அரைப் பென்னிகள். நடுநடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த காகிதத் துண்டுகள் ஆறு. எல்லாவற்றையும் அடுக்கியதும் மின்கலம் வேலை செய்தது! மூன்றரைப் பென்னிச் செப்புக்காசில் தன் கையால் பேட்டரி செய்து, அதைக் கொண்டு ஓர் உப்பைப் பிரித்தும் பார்த்துவிட்டான். நானே செய்தேன், நானே செய்தேன் என்று அந்தக் கடிதம் முழுக்க ஆச்சரியக்குறி.

வறுமைதான் ஃபாரடேயை உருவாக்கியது என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. அதே வண்டிக் கொட்டகைச் சந்தில் அதே 1801இல் பசித்துக் கிடந்த மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? பசி அவர்களை உருவாக்கவில்லை, தின்றது. மைக்கேலுக்கு நடந்தது வேறு. பசியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தொழில் கைக்கு வந்தது. பணம் கேட்காத ஒரு முதலாளி இருந்தார். பிரம்பு வாங்க மறுத்த அண்ணன், பிற்பாடு இன்னொன்றும் செய்தார். நகரத்தில் ஜான் டேட்டம் என்பவர் மாலை நேரங்களில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தினார். தலைக்கு ஒரு ஷில்லிங். பைண்டிங் பையனிடம் ஷில்லிங் கிடையாது. அப்பாவின் வழியில் கொல்லுவேலைக்குப் போன ராபர்ட், தன் கூலியிலிருந்து தம்பிக்குக் கொடுத்தார். இவர்களை எல்லாம் கழித்துவிட்டு வறுமைக்கு மாலை போடுவது அந்த மனிதர்களுக்குச் செய்கிற துரோகம்.

வறுமை தந்தது ஒன்று உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. கிடைத்ததை வீணாக்காத குணம். டேட்டத்தின் சொற்பொழிவுகளைக் கேட்டு வந்து, நினைவிலிருந்து முழுதுமாக எழுதி, கருவிகளின் படம் வரைந்து வைத்தான். படம் வரையத் தெரியாது. ரீபோ வீட்டில் குடியிருந்த பிரெஞ்சு ஓவியர் மாஸ்கரியேயின் அறையைத் துப்புரவு செய்து கொடுத்து, அவரிடம் வரையக் கற்றான். அந்தக் குறிப்புகளை ரீபோ கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுவார். 1812இல் அதைப் பார்த்த வில்லியம் டான்ஸ் என்ற வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு கொடுத்தார். மைக்கேல் மாடத்தில் கடிகாரத்துக்கு மேலே உட்கார்ந்து கேட்டான். வீட்டுக்குப் போய் விரித்து எழுதினான். முந்நூறு பக்கங்களுக்கு மேல் வந்தது. தன் கையாலேயே பைண்டிங் செய்து, அந்த ஆண்டு டிசம்பரில் வேலை கேட்டு டேவிக்கு அனுப்பினான்.

டேவி கூப்பிட்டுப் பேசினார். பைண்டிங் தொழிலையே பார் தம்பி, விஞ்ஞானத்தில் காசில்லை என்றும் புத்தி சொன்னார். சில வாரங்களில் அங்கிருந்த ஆய்வுக்கூட உதவியாளர் சண்டை போட்டு வேலையை இழந்தார். ஓர் இரவு, படுக்கப் போகும் நேரத்தில், டேவியின் வண்டி ஃபாரடேயின் வீட்டு வாசலில் வந்து நின்றது. 1813 மார்ச் 1, வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை. அப்பா இல்லாத வீட்டில், குடித்தனக்காரர்களை வைத்துப் பிழைப்பு நடத்திய அம்மாவுக்கு அதிலிருந்து உதவினார். தங்கையைப் பள்ளியில் படிக்கவைத்தார்; அதற்காக ஒருநாள் விட்டு ஒருநாள் மதியச் சாப்பாட்டை விட்டார் என்றும் சொல்வார்கள்.

அடுத்த பதினெட்டு ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். டேவியோடு ஐரோப்பியப் பயணம். அதில் டேவியின் மனைவி இவரை வேலைக்காரராகவே நடத்தினார். 1820இல் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று டென்மார்க்கின் ஊர்ஸ்டெட் கண்டுபிடித்தார். 1821இல் ஃபாரடே, மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஓயாமல் சுழலவைத்தார். மோட்டாரின் முதல் வடிவம் அது. 1825இல் பென்சீனைப் பிரித்தெடுத்தார். இவ்வளவுக்கும் நடுவே ஒரு கேள்வி அவரை விடவில்லை: மின்சாரத்திலிருந்து காந்தம் வருமென்றால், காந்தத்திலிருந்து மின்சாரம் ஏன் வரக்கூடாது?

ஐரோப்பா முழுக்க இதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜெனீவாவில் ஜான் டேனியல் கொலாடன் 1825இல் கைக்கெட்டும் தூரத்துக்கே வந்துவிட்டார். பெரிய கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செருகினால் மின்னோட்டம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். காந்தம் நேரடியாக ஊசியை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக, மின்னோட்டமானியை இன்னொரு அறையில் வைத்தார். காந்தத்தைச் செருகினார். நடந்து போய்ப் பார்த்தார். ஊசி அசையாமல் இருந்தது. அவர் நடந்த அந்தச் சில வினாடிகளில் ஊசி ஆடி, அடங்கியும் விட்டிருந்தது.

1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே தன் வளையத்தின் இரண்டாம் சுருளிலிருந்து கம்பியை நீட்டி, மூன்றடி தள்ளியிருந்த காந்த ஊசியின் மேலாக ஓடவிட்டார். முதல் சுருளைப் பேட்டரியோடு இணைத்தார். ஊசி ஆடியது, ஆடிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. பேட்டரியில் மின்சாரம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்க, ஊசி மட்டும் சும்மா இருந்தது. இணைப்பைப் பிடுங்கினார். மறுபடியும் ஆட்டம்.

எல்லோரும் தொடர்ந்து ஓடுகிற மின்சாரத்தை எதிர்பார்த்தார்கள். வந்ததோ, மாற்றம் நடக்கிற நொடியில் மட்டும் ஒரு துடிப்பு. இதைக் கருவிப் பிழை என்று ஒதுக்குவது எளிது. ஃபாரடே ஒதுக்கவில்லை, சிறிது என்பதற்காக எதையும் தள்ளிவிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. நாட்குறிப்பில் எழுதினார். சுருள்களை மாற்றினார், இரும்பை மாற்றினார். அக்டோபர் 17இல் பேட்டரியே இல்லாமல், காந்தத் தண்டைச் சுருளுக்குள் தள்ளியும் இழுத்தும் மின்சாரத்தை வரவழைத்தார். அக்டோபர் 28இல் பெரிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றி, தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்தையே எடுத்தார். ஜெனரேட்டர் அங்கே பிறந்தது. நவம்பர் 24 அன்று ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசிக்கப்பட்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், அமெரிக்காவின் ஆல்பனியில் ஜோசப் ஹென்றி இதே உண்மையைத் தனியாகக் கண்டார், வெளியிடுவதில் பிந்திவிட்டார். அவரும் ஏழை வீட்டுப் பிள்ளை. கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் தொழில் பழகியவர். கம்பிக்குப் பட்டுத்துணி சுற்றிக் காந்தச் சுருள் செய்தவர். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வாங்கக் கிடைக்காத பொருளைக் கையால் செய்துகொள்ளத் தெரிந்தவர்களிடம்தான் அந்தக் கட்டத்தில் மின்சாரம் பிடிகொடுத்தது.

ஆய்வுக்கூட வளையம் ஊருக்கு உதவும் டிரான்ஸ்ஃபார்மராக அரை நூற்றாண்டு பிடித்தது. புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலைப் பொறியாளர்கள் சிபெர்னோவ்ஸ்கி, பிளாதி, தேரி மூவரும் 1885இல் மாறுமின்னோட்டத்துக்கு ஏற்றபடி, விடுபடாமல் மூடிய இரும்புக் கருவில் செம்பு சுற்றி அதைச் செய்தார்கள். ஒரு நொடித் துடிப்பு, ஓயாமல் திசை மாறும் மின்னோட்டத்தில் ஓயாத துடிப்பாகிவிடும் அல்லவா? இரண்டாம் சுருளில் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் அழுத்தம் கூடும், குறைத்தால் குறையும். அழுத்தத்தை ஏற்றித் தொலைவுக்கு அனுப்பி, வீட்டு வாசலில் இறக்கித் தரலாம். இன்று மின்வாரியக் கம்பத்தில் உறுமிக்கொண்டிருப்பதும் அதே சூத்திரந்தான்.

படிப்பில்லாமையின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஃபாரடேக்குக் கணிதம் வராது. கடைசிவரை வரவில்லை. அந்தக் காலத்துப் பெரிய கணித மேதைகள், ஒரு பொருள் இன்னொன்றை வெற்றிடத்தின் வழியே தூரத்திலிருந்து இழுக்கிறது என்று சமன்பாடு எழுதினார்கள். சமன்பாடு எழுதத் தெரியாத ஃபாரடே, காகிதத்தின் மேல் இரும்புத்தூளைத் தூவி, அடியில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். தூள் வளைவு வளைவாக ஒழுங்கு கொண்டது. காந்தத்தின் சக்தி அந்த இடைவெளியிலேயே கோடுகளாக நிறைந்திருக்கிறது, கம்பி அந்தக் கோடுகளை வெட்டும்போதுதான் மின்சாரம் பிறக்கிறது என்றார். விசைக்கோடுகளைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்காட்லாந்தின் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், 1850களில் அதற்குக் கணித வடிவம் கொடுத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கணிதம் தெரியாதது வரம் என்று நான் சொல்ல மாட்டேன். 1857இல் ஃபாரடே மேக்ஸ்வெல்லுக்கு எழுதியதைப் பாருங்கள்: கணிதக்காரர்கள் தாங்கள் கண்ட முடிவை எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும் சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா என்று கேட்கிறார். அதில் ஏக்கம் தெரிகிறது. மூடியிருந்த கதவின் முன்னால் 66 வயதில் நிற்கிற மனிதரின் ஏக்கம்.

பணத்தோடு அவர் வைத்திருந்த உறவுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியம். 1830 வாக்கில் தொழிற்சாலைகளுக்கு ரசாயனப் பரிசோதனை செய்து கொடுத்ததில் ஆண்டுக்கு ஆயிரம் பவுனுக்கு மேல் வந்தது. கை நீட்டினால் இன்னும் பல மடங்கு வந்திருக்கும். வளையச் சோதனைக்குப் பிறகு அந்த வேலைகளை விட்டார். 1832இல் அந்த வருமானம் 155 பவுனாகச் சரிந்தது என்று அவருக்குப் பின் வந்த ஜான் டின்டால் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார். பசி கண்டவர்களில் பலர் ஆயுள் முழுக்கச் சேர்ப்பார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது. இவரோ தன் கண்டுபிடிப்புகளை வைத்துப் பணம் பண்ண முனையவில்லை. சாண்டிமேனியர் என்ற சின்னஞ்சிறு கிறிஸ்தவச் சபையில் பிறந்து வளர்ந்தவர்; பூமியில் சொத்து சேர்ப்பதைத் தவறென்று கருதிய சபை அது. மிஞ்சியதை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார். சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி இரண்டு முறை தேடி வந்தது. இரண்டு முறையும் மறுத்தார்.

வயதாகி நினைவு தடுமாறத் தொடங்கியபோது, 1858இல் விக்டோரியா அரசி ஹாம்ப்டன் கோர்ட்டில் ஆயுள்வரை இருந்துகொள்ள ஒரு வீடு தந்தார். வீடு பழுதடைந்திருந்தது. செப்பனிடும் செலவுக்கு எங்கே போவது என்று ஃபாரடே தயங்கினார். அந்தச் செலவையும் அரசி ஏற்றுக்கொண்ட பிறகே அங்கே குடிபோனார்.